தபால் நிலையத்தின் மேற்குச் சுவர்

என் தங்கையின் கணவர் லிப்ட் மெக்கானிக். விடுமுறை நாளில் நண்பர்களோடு சாப்பாட்டு மேசைமேல் போர் நடத்துவார். ஓர் அங்குல உயரப் பொம்மைச் சிப்பாய்கள், பகடை, அவர்கள் நகரும் தூரத்தை அளக்க நாடா, சிப்பாய்கள் ஒளிந்து சுட வீடுகள். வீடுகளைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டுவது அவர் வேலை. வர்ணம் அடித்து, அட்டையில் பதித்து, சுற்றிலும் மணலும் புல்லும் ஒட்டுவது தங்கையின் வேலை. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து இப்படித்தான். அவள் தீட்டிய ஜன்னல்களில் கம்பிகளை எண்ணிவிடலாம்.

சென்ற வருஷம் அவளுக்குக் கை நடுக்கம் வந்தது. ஒரு கதவின் பச்சை வர்ணம் விளிம்பு தாண்டிப் போன அன்றே தூரிகைகளைக் கழுவி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள். அவர் கெஞ்சினார், நானும் சொல்லிப் பார்த்தேன். மசியவில்லை. அதற்குப் பின் அவர் வெட்டிய வீடுகள் வெள்ளை வெளேரென்று அலமாரியில் கிடந்தன.

போன ஞாயிறு அவரே துணிந்து, அவற்றில் ஒரு தபால் நிலையத்தின்மேல் சாம்பல் நிற ஸ்ப்ரேயை அடித்தார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மேற்குச் சுவர் குழி விழுந்து கரைய ஆரம்பித்தது.

"ஐயையோ மச்சான், சுவர் உருகுது!" என்று என்னிடம் அலறினார்.

தங்கை ஓடி வந்தாள்.

"முதல்ல பசை தடவினீங்களா?"

"பசையா? எதுக்கு?"

"தெர்மாகோல்ல நேரா ஸ்ப்ரே பட்டா கரைஞ்சிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் நான் ரெண்டு கோட்டிங் பசை பூசிட்டுத்தானே அடிப்பேன்!"

"நீ சொன்னதே இல்லையேம்மா."

"நீங்க கேட்டீங்களா? லிப்ட்ல மாட்டிக்கிட்டவன்கூட இப்படி முழிக்க மாட்டான்."

திட்டிக்கொண்டே கட்டடத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"அண்ணா, இங்க பாருங்க. குண்டு விழுந்த சுவர் மாதிரியே இல்ல?"

"அச்சு அசல்" என்றேன்.

பசை பூசிக் காயவைத்தாள். சமையலறை ஸ்பான்ஜில் ஒரு துண்டு கிழித்துக் கறுப்பில் தோய்த்தாள். ஸ்பான்ஜுக்கு நேர்கோடு தேவையில்லை. நடுங்கிய கை தொட்ட இடமெல்லாம் புகைக்கறை படிந்தது.

"ஆடாம பிடிங்க."

"நான் ஆடலைம்மா."

"சரி, நான்தான் ஆடறேன். நீங்க பிடிங்க."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு பீரோவைத் திறந்து அவளே தூரிகை எடுத்துக் கொடுக்க, ஜன்னல் கம்பிகளை அவர் தீட்டினார். எல்லாம் கோணல்.

"குண்டு விழுந்த வீட்ல கம்பி நேராவா இருக்கும்?" என்றாள் தங்கை.

அடுத்த வீட்டை எடுக்க அவர் அலமாரிக்கு எழுந்தார்.

"அப்படியே அந்தப் பசை டப்பாவையும்" என்றாள்.