ஈரம் காயாத அடுப்பு

எங்கள் தெரு பெரிய சாலையைத் தொடும் மூலையில் ஒரு பீட்சாக் கடை இருக்கிறது. உள்ளே நுழைபவர்களின் கண்ணில் முதலில் படுவது, அங்கே எதற்கும் பயன்படாத ஒரு பொருள்தான். இடப்புறச் சுவரை ஒட்டி, கவிழ்த்து வைத்த கிண்ணம் போலச் செங்கல்லால் கட்டிய விறகு அடுப்பு அது. வெகுகாலம் அதன் வாய்க்குள் மடித்த அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. பீட்சா வேகுவதோ பக்கத்திலிருக்கும் மின்சார அடுப்பில். "எதுக்குங்க இது?" என்று யாராவது கேட்டால், "சும்மா அழகுக்குங்க" என்பார் கடைக்காரர். சொல்லிவிட்டு, மாவைச் சற்று வேகமாகத் தட்டுவார்.

கடை திறப்பதற்கு முன்பிருந்தே அவரை எனக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்றுதான் தெருவில் அனைவரும் நினைத்திருந்தோம். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார் என்று அவரே பின்னாளில் என்னிடம் கூறினார். அதுவும் வாய் திறந்து சொன்ன பொய்யன்று. வாயை மூடிக்கொண்டு சொன்னது.

வேறோர் ஊரில், வேறொருவர் கடையில், பல ஆண்டுகள் மாவு பிசைந்தவர் அவர். அவருடைய அண்ணன் அதே ஊரில் கொத்தனார். வீடு கட்ட அங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள். ரொட்டிக் கடைகளுக்கு அடுப்புக் கட்ட அவர் ஒருவர்தான். அவர் கட்டிய அடுப்பில் கீறல் விழுந்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை. அதை அவர் தம் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார்; வேறு யாராவது சொன்னால், பேச்சை மாற்றவும் மாட்டார்.

தம்பி புதிய ஊரில் சொந்தக் கடை போட முடிவெடுத்தபோது, அண்ணனும் சாந்து பூசும் கரண்டியையும் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு கூடவே பேருந்து ஏறினார். அடுப்பைக் கட்டியபின் இங்கேயே தங்கிவிடுவதென்பது ஏற்பாடு. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. முழங்கால் வலியால் சாரம் ஏறுவதும் சிரமமாகிவந்தது. "மாவு உன் பாடு, தீ என் பாடு" என்று தம்பியிடம் சொல்லியிருந்தார். கடைக்கு மேலிருந்த அறையில் அவருக்கென ஒரு கட்டில் போட்டார்கள். சன்னலோரம்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்ததைக் கடைக்காரரின் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

ஒவ்வொரு செங்கல்லையும் விரல் முட்டியால் தட்டி, ஓசை கேட்டு வைத்து, அண்ணன் அடுப்பை எழுப்பினார். உச்சியில் கடைசிக் கல்லைச் செருகியபோது நாங்கள் சிலர் வாசலில் நின்று பார்த்தோம். மறுநாளே கடை திறந்துவிடும் என்று நினைத்தோம். ஆனால், புது அடுப்பில் எடுத்த எடுப்பிலேயே பெருந்தீ மூட்டக் கூடாதாம். முதலில் ஒரு கைப்பிடிச் சுள்ளி. மறுநாள் அதைவிடச் சற்றுக் கூடுதல். இப்படியே சூட்டை ஏற்றிச் சாந்தின் ஈரத்தை வெளியேற்ற வேண்டுமாம். மாலைதோறும் அவர் அடுப்பின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொடுவதுபோல் இருக்கும்.

இடையில், பழைய ஊரில் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவரப் புறப்பட்டார். "நான் வர்ற வரைக்கும் சுள்ளி மட்டும்தான். அவசரப்பட்டா, உள்ள இருக்கிற ஈரம் தானே வழி பண்ணிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மறுநாள் கடைக்காரரின் மைத்துனர் வந்து இறங்கினார். மனைவிக்கு அண்ணன்; வசதி படைத்தவர்; தங்கையின் கணவர் சொந்தத் தொழில் செய்து உருப்படுவார் என்பதில் நம்பிக்கையற்றவர். திறப்பு நாள் துண்டறிக்கையில் அச்சேறிவிட்டது. அடுப்போ இன்னும் சுள்ளியைத் தாண்டவில்லை. மைத்துனர் நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு அமர்ந்து, போவோர் வருவோர் காதிலும் விழும்படி கேட்டார்:

"ஏன் மாப்பிள்ளை, கடை திறக்கப் போறீங்களா, இல்ல காயப்போடப் போறீங்களா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய், கட்டை கட்டையாக விறகைத் திணித்துக் கொளுத்தினார்.

அடுப்பு அருமையாக எரிந்தது. முதல் பீட்சாவை எடுத்து மைத்துனரின் கையில் கொடுத்தார். நன்றாகவே இருந்ததாம். மைத்துனர் பாதி தின்றுகொண்டிருக்கையில், அடுப்புக்குள் பலகை முறிவதுபோல ஓர் ஓசை கேட்டது. உச்சிக் கல்லிலிருந்து வாய்வரை, விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மைத்துனர் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். தமக்கு ஊரில் வேலை இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அண்ணன் திரும்புவதற்குள் தம்பி சாம்பலை அள்ளிக் கொட்டினார். பெருந்தீயில் கரி எரிந்து வெளுத்திருந்த உட்சுவரில் மறுபடி கரி படியும்படி, ஈரச் சுள்ளியை வைத்துப் புகைய விட்டார்.

அண்ணன் தம் உடைமையெல்லாம் அடங்கிய தகரப் பெட்டியுடன் வந்தார். பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே வெடிப்பைப் பார்த்துவிட்டார். அதன் நெடுகிலும் விரலை ஓட்டினார். "பெருந்தீ மூட்டினாயா?" என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்கிறார் கடைக்காரர். தம்பிமேல் ஐயம் கொள்ள அண்ணனுக்குத் தோன்றவில்லை, தம்மீதுதான் கொண்டார்.

"என் கை போயிடுச்சுடா" என்றார்.

மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தார். கணவர் மாவைப் பார்த்தார்.

மின்சார அடுப்பு வாங்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, அண்ணன் அதே பெட்டியுடன் திரும்பிப் போனார். எவ்வளவு கெஞ்சியும் தங்கவில்லை. தீ இல்லாத கடையில் தமக்கு என்ன வேலை என்று கேட்டாராம். ரொட்டிக் கடைக்காரர்கள் தேடி வந்தபோதெல்லாம், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். தோட்டத்துச் சுற்றுச்சுவர், படிக்கட்டு என்று சில்லறை வேலைகளோடு நிறுத்திக்கொண்டார். இங்கே கடை சூடு பிடித்தது. தொடக்கத்தில் வெட்கத்தால் சொல்லாதிருந்த தம்பிக்கு, நன்றாக நடக்கும் கடையில் நின்றுகொண்டு சொல்வது இன்னும் கடினமாயிற்று. தொலைபேசியில் உடல்நலம் விசாரிப்பார், மழை பெய்ததா என்று கேட்பார், வைத்துவிடுவார். சன்னலோரக் கட்டிலின்மேல் மாவு மூட்டைகள் ஏறின.

சென்ற ஆண்டு ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு அண்ணனைப் பார்க்கப் போனார். அனைத்தையும் சொன்னார். புகைய விட்டதையும் விடவில்லை.

அண்ணன், "அப்ப உச்சிக் கல்லு சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"சரியாத்தான்ணே இருந்துச்சு."

"நான் அதைத்தான் இத்தனை வருஷமா மனசுக்குள்ள கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தேன்." பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்: "அப்பவே சொல்லியிருந்தா, இடிச்சுட்டு வேற கட்டியிருப்பேனேடா. என்ன, கடை கொஞ்சம் தள்ளித் திறந்திருப்போம்."

இப்போதாவது வந்துவிடும்படி தம்பி அழைத்தார். அண்ணன் தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றி உயர்த்திக் காட்டினார். குவளை ஆடியது.

"இனிமே கரண்டி என் பேச்சைக் கேக்காது. நீ போ, கடையைப் பாரு."

சென்ற வாரம் நான் கடையில் நின்றிருந்தபோது, புதிதாக வந்த ஒருவர் அந்த அடுப்பைக் காட்டி, எதற்கு என்று கேட்டார். அதன் வாய்க்குள் இப்போது அட்டைப்பெட்டிகள் இல்லை. கடைக்காரர் மாவிலிருந்து கையை எடுத்தார்.

"எங்கண்ணன் கட்டினதுங்க. நான்தான் கெடுத்தேன்" என்றார்.

வந்தவர் சீஸ் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொன்னார்.