கம்பெனி பஸ் போன தண்ணீர்

பாகலூர் அருகே தரைப்பாலத்தின் மேல் மழைவெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு கம்பெனி பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தது. காலை ஷிஃப்டுக்குப் போகிற எங்களுக்கு அதுதான் கணக்கு: கம்பெனி பஸ் போனால் வழி இருக்கிறது. அதன் உயரமும் எடையும் என் காருக்கு இல்லை என்பது உறைக்கவில்லை.

கரையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் கத்தினார். "போவாதீங்க சார், தண்ணி இழுக்குது!"

"பஸ்ஸே போயிருச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் காரை இறக்கினேன்.

நடுப்பாலத்தில் கார் மிதந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் பக்கவாட்டில் நகர்ந்தது. ஓரக்கல்லில் இடித்து, எப்படியோ சக்கரம் தரையைப் பிடிக்க, மேடேறினேன். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒருவர் பைக்கைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார். நான் இறங்கிக் கத்துவதற்குள் பைக் சாய்ந்தது. ஹெல்மெட் ஒருமுறை மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

சாயங்காலம் முட்புதரிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள். கூட்டத்தில் அந்தப் பெண்ணும் நின்றிருந்தார்.

"அவரையாவது நீங்க தடுத்திருக்கலாமேம்மா" என்றேன்.

"தடுத்தேன் சார். காரே போயிருச்சேன்னாரு."