குழல் இருந்த பக்கம்

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மாமனார் இறந்தபின் என் கணவர் பெயருக்கு மாறியிருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை அவர் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார். ஐந்தருவிச் சாலையை ஒட்டிய எங்கள் தோப்பில் காட்டுப்பன்றிகளை விரட்ட வாங்கியது. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபிறகு அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை.

மறுநாள் மத்தியானம் பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி வந்தார். வாய்க்கால் தகராறில் பல வருடமாக எங்கள் வாசலை மிதிக்காதவர். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். துப்பாக்கி மாட்டியிருந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். பேச்சே இல்லை. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே அவர் மூச்சு மட்டும் கேட்கும். எனக்கு அடுக்களையில் கை ஓடாது.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "அண்ணாச்சி, அங்கன என்னத்தப் பாக்குதிய?"

"உங்க மாமா ஒருநா அதத் தொடச்சிக்கிட்டே எங்கிட்ட வாய்க்கா விஷயம் பேசினாவ. ஒரு கெட்ட வார்த்த கெடையாது. சிரிச்ச மொகம். குழல் மட்டும் என் நெஞ்சப் பாத்தே இருந்துது. சரின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். தண்ணியும் போச்சு." குரலைத் தாழ்த்தினார். "இப்ப செவுத்துல ஒண்ணுமில்ல. ஆனாலும் அந்த எடம் குளுருதும்மா. அந்தக் குளுரு எப்பப் போவுதுன்னு பாக்கத்தான் வாரேன்."

வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் போய் மின்விசிறியை நிறுத்தினேன்.

தேர்தல் முடிந்து, சாரல் தொடங்கியபோது துப்பாக்கி திரும்பி வந்தது. அண்ணாச்சி வருவது நின்றது. அன்று சாயங்காலம் கணவர் அதை எண்ணெய்த் துணியால் துடைத்தபடி, மகளை மதுரையில் கல்லூரியில் சேர்ப்பது பற்றிப் பேசினார். எனக்கு அதில் சம்மதமில்லை. சொல்ல வாயெடுத்தேன். குழல் என் பக்கம் இருந்தது. நகர்ந்து நின்றேன். பேசிக்கொண்டே அவர் கையும் நகர்ந்தது.

"எதுக்கு எம்மேல நீட்டுதிய?"

"எங்க நீட்டுதேன்?" என்று குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. உண்மையாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "உள்ள தோட்டா இல்லட்டி" என்றார்.

"தெரியும். மாமா பேசுன அன்னைக்கும் இருந்திருக்காது."

மறுவாரமே லைசென்ஸ் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துத் துப்பாக்கியை ஒப்படைத்தார். அண்ணாச்சி தோப்புக்குப் போகும் வாய்க்கால் மடையையும் அவரே போய்த் திறந்துவிட்டார். அந்த வருடம் பன்றிகள் எங்கள் மரவள்ளியை ஒரு கிழங்கு விடாமல் தோண்டித் தின்றன. மகள் எங்கே படிப்பதென்று நாங்கள் ஆடி முழுக்கச் சண்டை போட்டோம், தெருவுக்கே கேட்கும்படி.