மாடியிலிருந்து விழுந்த எறும்பு

போன டிசம்பரில் என் பேத்தியின் பள்ளி அறிவியல் மன்றத்தைப் புனேயில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டுமாம். மகனுக்கும் மருமகளுக்கும் ஆபீஸ். புனேயிலேயே கட்கிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் வேலையில்லாத விஞ்ஞானி நான் ஒருத்திதான்.

பஸ்ஸிலேயே டீச்சரம்மா ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தார். பேராசிரியர் பேசி முடித்ததும் பிள்ளைகள் கேட்க வேண்டிய சந்தேகம் அதில் இருந்தது. மனப்பாடம் பண்ண வேண்டுமாம்! நான் படித்த அஞ்சாம் வகுப்பில்கூட இந்தக் கூத்து கிடையாது.

பேத்திக்குச் சொந்தமாகவே ஒரு சந்தேகம் இருந்தது. மாடியிலிருந்து விழுந்தாலும் எறும்பு ஏன் சாவதில்லை? இதைக் கேட்கத்தான் துள்ளிக்கொண்டு வந்தாள். "இதெல்லாம் அங்க கேக்கிற கேள்வியா?" என்று டீச்சர் தள்ளிவிட்டார்.

பேராசிரியர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கடைசியில் பேத்தி கைக்கு மைக் வந்தது. சீட்டில் இருந்ததைப் பாதி சொன்னாள்; மீதி மறந்துபோச்சு. டீச்சர் முறைக்க, பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர். எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து தமிழிலேயே கத்தினேன்.

"அந்தச் சீட்ட விட்டுத் தொலைடீ! எறும்பக் கேளு!"

கேட்டாள். பேராசிரியர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "வாங்க, போட்டே பாத்துடலாம்" என்றார் இந்தியில்.

வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் ஊர்வலம் போகும் சனியன்கள், அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை. எல்லோரும் மூலை முடுக்கெல்லாம் குனிந்து தேடினோம். கடைசியில் என் பையிலிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தில் நாலு கிடைத்தது. "சீ!" என்றார் டீச்சர்.

போட்டோவுக்கென்று அவர் கொண்டுவந்த மன்றத்து பேனரையே மாடிப்படிக்குக் கீழே விரித்துப் பிடித்தார்கள். மேலே இருந்து பேத்தி ஒன்றைப் போட்டாள். விழுந்த எறும்பு கொஞ்சம் யோசித்துவிட்டு, பேனரில் இருந்த பள்ளிப் பெயர்மேல் நடையைக் கட்டியது. ஒரே கூச்சல்! எறும்பு ரொம்ப லேசு, காற்றே அதை வேகமாக விழவிடாது என்று விளக்கினார் பேராசிரியர்.

திரும்பும்போது பேத்தி மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள்.

"ஏன் பாட்டி எல்லார் முன்னாடியும் கத்துன?"

"கத்தலேன்னா இன்னும் அங்கயே முழிச்சிட்டு நின்னுருப்ப."

கொஞ்ச தூரம் போனதும், "அப்போ பூனை?" என்றாள்.

எனக்கென்ன தெரியும்? ஆனால் அன்றிலிருந்து எந்தப் பிள்ளை கோணல்மாணலாக எதைக் கேட்டாலும் சிரிப்பை அடக்கிக்கொள்கிறேன். சொந்தமாக ஒரு சந்தேகம் வருவதே பெரிய விஷயம்.