ஸ்டெல்லா அக்காவின் படம்

அம்பத்தூர் ஓ.டி.யில் அந்த வாரம் கன்னியப்பனிடம் மாட்டாதவர்கள் புண்ணியம் பண்ணியவர்கள். டீக்கடையோ பஸ் ஸ்டாண்டோ, எதிரே வருகிறவனை நிறுத்தி, "சேதி தெரியுமா நைனா? சால்ட் டிரெய்ன் மறுபடியும் வருது! கம்ப்யூட்டர்ல போட்டு, தூசி தும்பு எல்லாம் கழுவி, புச்சா வருது!" என்பார். எதிராளி அது ஏதோ கூட்ஸ் வண்டி என்று நினைத்துக்கொண்டு, "எத்தினி மணிக்கு?" என்று கேட்பான். அதற்கும் மனுஷர் சளைக்க மாட்டார். நின்று விளக்குவார்.

சால்ட் டிரெய்ன் ரயில் இல்லை. இங்கிலீஷ் ராக் பாட்டு ஆல்பம். பழசு. இந்த 95-ஆம் வருஷத்தில் கம்பெனிக்காரன் அதைத் தூசி தட்டி, ரீமாஸ்டர் என்று பேர் வைத்து, கேசட்டாக மறுபடி வெளியிடுகிறான். ஊர் உலகத்துக்கு அது ஒரு கேசட். கன்னியப்பனுக்கும் அவர் மகளுக்கும் அது எத்தனை பெரிய விஷயம் என்று சொல்லத்தான் இந்தக் கதை.

கன்னியப்பனுக்குப் பக்கத்துப் பாடியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் வேலை. தகட்டை உள்ளே தள்ளினால் 'டமால்' என்று வளைந்து விழும். நாள் பூரா டமால் டமால்தான். வேலை முடித்து வருகிறவன் கொஞ்சம் அமைதி தேட வேண்டாமோ? இவர் நேரே பஷீருதீன் வைத்திருந்த ரிக்கார்டிங் சென்டருக்குப் போய், அதைவிடப் பெரிய சத்தத்தைத் தேடுவார். "முள்ள முள்ளாலதான் எடுக்கணும்" என்பார். என்ன நியாயமோ!

அங்கேதான் 83-இல் அது நடந்தது. ஆவடியில் இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டும்போது, ஒரு இசைத்தட்டை பஷீர் பாயிடம் ஒரே ஒரு நாள் இரவல் கொடுத்தார். அட்டை கிடையாது, வெறும் தட்டு. பாய் அதைக் கேசட்டில் ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கேசட்டிலிருந்துதான் சுற்றுவட்டாரத்துக்கே காப்பி. மேலே பாயின் கோணல் எழுத்தில், பால்பாயிண்ட் பேனாவில், 'ஸ்டெல்லா குவாரி - சால்ட் டிரெய்ன்'.

ஸ்டெல்லா குவாரி என்றால் யார்? பாடுகிறவள்தான், வேறு யார்? பேரும் பொம்பளைப் பேர், குரலும் பொம்பளைக் குரல். கரகரவென்று, அடுப்பில் மணலைப் போட்டு வறுக்கிற மாதிரி, ஆனாலும் பொம்பளைக் குரல்தான். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கன்னியப்பன், பால்வண்டி ஓட்டும் வேம்புலி, பஸ் கண்டக்டர் ஆனந்தன் மூவரும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாய் கடையில் கூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து சுளுக்கிக்கொள்வார்கள். மரியாதை தெரிந்தவர்கள் அல்லவா, அவளை 'ஸ்டெல்லா அக்கா' என்றே சொல்வார்கள்.

மறு வருஷம் பெண் குழந்தை பிறந்தது. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டெல்லா என்று பேர் வைத்தார். மாமியார் கெங்கம்மாள் தொட்டிலடியிலேயே தாடையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா மாப்ளே, எப்ப வேதத்துல சேந்து கிறிஸ்துவங்களா ஆனீங்க?" பெண்டாட்டி பேபி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பெற்ற களைப்பு. தெம்பு வந்த பிறகு சேர்த்து வைத்துச் சொன்னாள், அது வேறு.

பேர் வைத்த ராசியோ என்னவோ, பெண்ணுக்குக் குரலும் அப்படியே அமைந்தது. தடித்த, கரகரத்த குரல். தவழ்கிற வயதில் எல்லாரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடம் போனதும் அதே குரல் பிள்ளையின் உயிரை வாங்கியது. பிரேயர் பாட்டுக் கோஷ்டியில் நின்றவளை, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றார் அப்போதிருந்த டீச்சர். அவ்வளவு போதாதா மற்ற பிள்ளைகளுக்கு? 'அண்ணாத்தே' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அண்ணாத்தே வருது, அண்ணாத்தே போவுது. பாவி மகள் பேச்சையே விட்டுவிட்டாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். மளிகைக் கடையில் போய் நின்று, வேண்டியதை விரலால் காட்டுவாள். நாட்டு மருந்து, மந்திரித்த தாயத்து, ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாயிற்று. தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். தொண்டையில் இருந்தால்தானே!

 ஒருநாள் கன்னியப்பன் பிள்ளையை டேப் ரிக்கார்டர் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கேசட்டைப் போட்டார்.

"கேளு. இது யாரு குரலு?"

பிள்ளை கேட்டாள். கண் பெரிசானது.

"சீமைல கீறாங்க, ஸ்டெல்லா அக்கா. உன் பேருதான், உன் குரலுதான். அங்க இவங்க வாயத் தொறந்தா ஆயிரக்கணக்குல ஜனம் நிக்குது. இங்க கீற கழுதைங்களுக்கு இன்னா தெரியும்?"

அன்றைக்கு வாய் திறந்தவள்தான். பாஷை புரியாமலே அத்தனை பாட்டையும் மூச்சு வாங்குகிற இடம் உட்பட மனப்பாடம் பண்ணினாள். தெருவில் யாராவது 'அண்ணாத்தே' என்றால், "எங்க அக்காவ கேட்டுட்டு வந்து பேசு" என்று திருப்பிக் கொடுத்தாள். இப்போது பள்ளியில் புதிதாக ஒரு டீச்சர். ஆண்டு விழாவில் தனியாகப் பாட இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், டீச்சரே கட்டிய ஒரு மழைப்பாட்டு. சனிக்கிழமை விழா. வெள்ளிக்கிழமை கேசட் வருகிறது. வெளியீட்டு நாளை யார் குறித்தார்களோ, கன்னியப்பனுக்குச் சாமியே குறித்த மாதிரி இருந்தது.

"அட்டையில படம் இருக்கும் இல்ல நைனா?" ஒரு வாரமாக இதே கேள்வி. "அக்கா படத்த பாவாடைல சொருகிக்கினுதான் ஸ்டேஜ் ஏறுவேன். இல்லாட்டி பயமா கீது."

"இல்லாமயா? பெரிய படமா இருக்கும்" என்றார் கன்னியப்பன்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் அறுந்திருக்க வேண்டும். பாய் கடையில் ஷட்டர் பாதி இறக்கி இருந்தது. உள்ளே பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆனந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேம்புலி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இன்னா பாய், வரலியா?"

"வந்துச்சு" என்று பாய் கேசட்டை நீட்டினார்.

அட்டையில் நாலு ஆம்பளைகள். நாலு பேருக்கும் தோள் வரை முடி. நடுவில் மைக்கைப் பிடித்து நிற்கிறவனுக்கு நெஞ்சு வரை தாடி. கன்னியப்பன் அட்டையைத் திருப்பினார், பிரித்தார், உள்ளே மடித்திருந்த காகிதத்தை விரித்தார். பொம்பளை வாசனையே இல்லை.

"அக்கா எங்க?"

அடக்கி அடக்கிப் பார்த்த வேம்புலி வெடித்துவிட்டார். "அதான் மாமே அக்கா! தாடி வெச்சிகினு கீது பாரு!"

பாய் கேசட்டை வாங்கி டேப்பில் போட்டார். அதே கிடார், அதே டிரம். ஆனால் எல்லாம் கொஞ்சம் நிதானமாக, கனமாக. பிறகு பாட்டு எழுந்தது. நல்ல ஆம்பளைக் குரல்.

"ஸ்டெல்லா குவாரின்றது கோஷ்டி பேராம்" என்றார் பாய். "தப்பு என்னுதுதான் கன்னியப்பா. அன்னிக்குக் கடையில ஒரே பிளக் பாயிண்ட்டு. தட்டு சுத்தறதுக்குக் கரண்டக் குடுத்துட்டு, டேப்புல பேட்டரி கட்ட போட்டேன். புதுசு இல்ல. தீந்துபோன கட்டய வெயில்ல காயவெச்சிப் போட்டது. டேப்பு மெதுவா சுத்திகினே ஏத்தியிருக்கு. அத கரண்ட்டுல போட்டா வேகமா ஓடாதா? ஆம்பளக் குரலு பொம்பளக் குரலாயிடாதா? இவ்ளோ வருசமா எனக்கே தெரியாம போச்சே!"

அந்தக் காலத்தில் தீர்ந்த கட்டையை வெயிலில் காய வைக்காத வீடு உண்டா? எல்லாரும் செய்ததைத்தான் பாயும் செய்தார். யாரைக் குற்றம் சொல்வது?

"சவுண்டு சும்மா கண்ணாடி மாதிரி கீது மாமே, அதப் பாரு. அக்கான்னா இன்னா, அண்ணன்னா இன்னா!" என்றார் வேம்புலி.

கன்னியப்பன் பாய்ந்து வேம்புலியின் சட்டையைப் பிடித்துவிட்டார். "உனுக்கு சவுண்டு. எனுக்கு நாளைக்கு எம் பொண்ணு வாயத் தொறக்கணும். புரியுதா? இத்த பாத்தா திரும்ப ஊமையாயிடும்டா!"

ஆனந்தன் குறுக்கே புகுந்து பிரித்துவிட்டார்.  பெற்ற பிள்ளைக்குத் தைரியம் என்று எதைக் கொடுத்தோம், பேட்டரிக் கட்டையின் கோளாறையா கொடுத்தோம் என்று நினைத்தபோது கன்னியப்பனுக்கு அவமானமாக இருந்தது. கேசட்டைச் சாப்பாட்டுப் பையின் அடியில் திணித்தார். நாளை ஒரு நாள் போகட்டும். சரக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம். பாடி முடித்து வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வழியெல்லாம் சைக்கிளில் அந்தப் பொய்யை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

தெருமுனையிலேயே நின்றிருந்தாள் ஸ்டெல்லா. "படம்?"

"சரக்கு வரலம்மா. திங்கக்கிழமதான் வருமாம்."

முகம் தொங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, பரவால்ல. அக்காவ மனசுல நெனச்சிகினு பாடிடறேன்" என்றாள். கன்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளையைச் சைக்கிளில் உட்கார வைத்து வீட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். தப்பித்தோம் என்றுதான் நினைத்தார்.

ஆனால் வேம்புலி என்று ஒருவர் இருக்கிறாரே! சண்டை போட்டோமே, நண்பனைச் சமாதானப்படுத்துவோம் என்று நல்லெண்ணத்தோடு பால்வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். வந்தவர் சும்மா வந்தாரா? வண்டி டேப்பில், பாயிடம் தனக்கென்று வாங்கிய புது சால்ட் டிரெய்னை முழுச் சத்தத்தில் அலறவிட்டுக்கொண்டு வந்தார். தெருவே திரும்பிப் பார்த்தது.

சைக்கிளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அப்படியே நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். உதடு தானாகப் பாட்டோடு அசைந்தது. பிறகு நின்றுவிட்டது.

"நைனா, இது நம்ம பாட்டு. யாரோ ஒரு ஆம்பள பாடறான். ஏன் நைனா?"

 வேம்புலி அப்போதுதான் நிலைமை புரிந்து பாட்டை நிறுத்தினார். நிறுத்தி என்ன பண்ண? பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டுக் கேசட்டை எடுத்துவிட்டாள்.

தாடிக்காரனை ரொம்ப நேரம் பார்த்தாள். "அக்கா இல்லியா?"

"இல்லம்மா" என்றார் கன்னியப்பன். "அக்கா விசயத்துல நான் பொய் சொல்லல கண்ணு. நானும்தான் நம்பிகினு இருந்தேன். டேப்பு வேகமா ஓடிச்சாம். அதான் அப்டி கேட்டுச்சாம்."  தெரு பார்க்கிறது என்றும் பாராமல் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா உள்ளே போய் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். பேபி கதவைத் தட்டினாள், கெஞ்சினாள், அப்புறம் வாசலுக்கு வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "சனியம் புடிச்ச கேசட்டு! அன்னிக்கே சொன்னேனே, கேட்டியாய்யா? இப்ப திரும்பவும் பேசாம கொள்ளாம மூலைல குந்திக்கினா நான் இன்னா பண்ணுவேன்?" கன்னியப்பன் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.  வேம்புலி வண்டிக்கும் வீட்டுக்கும் நடுவில், போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பேபி சோறு போட்டு வைத்தாள், ஆறியது. தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது.

தாழ்ப்பாள் விலகியது. அழுது வீங்கிய முகத்தோடு பிள்ளை வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த அட்டை கசங்கியிருந்தது.

"நைனா, அப்ப அந்தக் கொரலு யாரோடதும் இல்லியா?"

"யாரோடதும் இல்லம்மா. டேப்பு பண்ண தப்பு அது."

"சீமைலயும் யாருக்கும் இல்லியா?"

கன்னியப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"தலய ஆட்டாத, வாயத் தொறந்து சொல்லு. அந்தக் கொரலு எனக்கு மட்டும்தான் கீதா?"

"ஆமாம்மா. உனுக்கு மட்டும்தான் கீது."

பிள்ளை மூக்கை உறிஞ்சினாள். அழுகை இன்னும் நிற்கவில்லை. விக்கிக்கொண்டேதான் சொன்னாள்: "அப்ப நாளைக்கு நான் பாடலன்னா, யாராலயும் அத கேக்கவே முடியாதே."

  சோற்றுக் கரண்டியோடு நின்ற பேபிதான் முதலில் வாயைத் திறந்தாள். "தொண்டைக்கு வெந்நி வெக்கட்டுமாடி?"