வாக்கர் என்று எழுதியவன் நான்

எங்கள் ஊரில் ஏவிஸ் என்ற பெயரில் மூன்று பேர். ஒருத்தி பார்லியில் ஏல் என்ற மது காய்ச்சுகிறவள். இன்னொருத்தி படகுக்காரன் மகள். மூன்றாமவள் துணி மிதிக்கிறவள், கணவனை இழந்தவள். அவளுக்குத்தான் நான் அந்தப் பாவத்தைச் செய்தேன்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியில் காற்று புகுந்து புறப்படும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த மூத்திரம் ஊற்றி, நாள் முழுக்கக் காலால் மிதித்தால்தான் இழை இறுகிக் குளிர் தாங்கும். இப்படி மிதிக்கிறவர்களை எங்கள் கால்டர் ஆற்றுப் பக்கத்தில் வாக்கர் என்போம். நடப்பவர் என்று பொருள். தொட்டியை விட்டு ஓரடி நகரமாட்டார்கள், பெயர் மட்டும் நடப்பவர்.

அந்த மூத்திரம் சேர்க்க ஏவிஸ் காலையில் வீடு வீடாகப் பானையைத் தூக்கிக்கொண்டு வருவாள். வாய் சும்மா இருக்காது. "என்னம்மா இது, பாதிப் பானைதான் இருக்கு? உன் புருஷன் நேத்து ஏல் குடிக்கலையா, இல்ல சுவத்துல அடிச்சிட்டானா?" என்பாள். தெருவே சிரிக்கும்.

பிறகு பண்ணைப் பிரபு ஆற்றில் ஓர் ஆலை கட்டினார். தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, மரச் சம்மட்டிகள் துணியை அடிக்கும். இனி எல்லாத் துணியும் அங்கேதான் வர வேண்டும், வீட்டில் மிதிப்பது குற்றம் என்று ஆணை போட்டார். ஏவிஸ் கேட்பாளா? கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு மிதித்தாள். பக்கத்து வீட்டு மார்ஜரியும் எதிரே நின்று, இருவரும் தோளைப் பிடித்துக்கொண்டு மிதிப்பார்கள். மார்ஜரியின் கணவனுக்கு அந்த ஆலையிலேயே வேலை. அவன் உட்பட ஊருக்கே தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை.

மூச்சு விட்டவன் நான்தான். பிரபுவின் வழக்குகளை விசாரிக்கும் பண்ணை மன்றத்தின் எழுத்தர் தர்ஸ்டன்.

ஒரு நாள் ஏவிஸின் பன்றி பிரபுவின் பார்லியைக் கிளறிவிட்டது. அற்ப விஷயம். எந்த ஏவிஸ் என்று தெரிய வேண்டுமே என்று, ஊர் வாயில் இருந்ததை அப்படியே தோல் சுருளில் எழுதினேன்: "ஏவிஸ், வாக்கர்." கிழக்குச் சந்து ஏவிஸ் என்று எழுதியிருக்கலாம். தோன்றவில்லை.

மறுநாள் மன்ற அறையில் பிரபுவின் காரியஸ்தர் அதைப் படித்தார். அவர் தெற்கத்திக்காரர். அங்கே இந்த வேலைக்கு வேறு பெயர்.

"வாக்கர்னா என்னய்யா? சும்மா ஊரைச் சுத்திக்கிட்டே இருப்பாளா?" என்று சிரித்தார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியவில்லையே, அந்தக் கர்வம் விடவில்லை. "இல்லைங்க, அது எங்க பக்கத்துச் சொல்லு. துணிய மிதிக்கிறவ" என்று விளக்கினேன். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

அவர் ஆட்கள் போய் ஏவிஸின் தொட்டியைக் கோடாலியால் பிளந்தார்கள். ஏவிஸ் நடுத்தெருவில் நின்று மார்ஜரியைப் பார்த்துக் கத்தினாள்.

"உன் புருஷன் சோத்துக்கு என்னைக் காட்டிக்குடுத்துட்டியேடி!"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் சொல்லலடி, ஏவிஸ்!"

"வேற யாருடி சொன்னா? தொட்டியா எந்திரிச்சுப் போயிச் சொல்லுச்சு?"

கூட்டத்தில் நானும் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஊரே என்னைக் கிழித்துவிடும் என்று பயம்.

அதன்பின் ஏவிஸ் பிறருக்குக் கம்பளி சீவிப் பிழைத்தாள். சுருளில் ஏறிய பெயர் மட்டும் இறங்கவில்லை. ஆடு மேய்க்கும் அவள் மகனும் இன்று வாக்கர்தான். அவன் தொட்டியில் கால் வைத்ததே இல்லை. எழுதுவதும் நான்தான்.

மார்ஜரி மூன்று முறை ஓட்ஸ் ரொட்டி சுட்டு ஏவிஸ் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். மூன்று முறையும் கதவு திறக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, போன குளிர்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள். அடக்கத்துக்கு ஏவிஸ் வரவில்லை.

தவக்காலத்தில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்னடா ஆகப்போவுது? அவகிட்டப் போயிச் சொல்லு" என்று விரட்டினார். போய்ச் சொன்னேன்.

ஏவிஸ் சீப்பைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்த எழுத்தைக் காட்டு" என்றாள்.

மன்றத்துக்கு அழைத்துப்போய்ச் சுருளை விரித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"மார்ஜரி பேரு எங்க?"

"இல்ல ஏவிஸ். அவ மேல வழக்கே வரலையே."

"அவளுந்தானய்யா மிதிச்சா. எழுது, பக்கத்துலயே எழுது. அவ காட்டிக்குடுத்தவன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். எங்கூட மிதிச்சவன்னு இதுலயாவது இருக்கட்டும். செத்தவள எந்த மன்றம் கூப்பிடும்?"

முடிந்துபோன வழக்கில் ஒரு சொல் சேர்த்தால் என் வேலை போகும். ஆனாலும் எழுதினேன். படிக்கச் சொன்னாள். "மார்ஜரி, வாக்கர்" என்று படித்தேன். இன்னொரு தடவை என்றாள். இரண்டாம் தடவை எனக்குக் குரல் உடைந்துவிட்டது.

"நீ எதுக்குய்யா அழுவுற?" என்றாள் ஏவிஸ். "நீ செஞ்சத ஒத்தச் சொல்லுல எழுதிட்ட. அவ ரொட்டியோட வாசல்ல நிக்கிறான்னு தெரிஞ்சே நான் உள்ள உக்காந்திருந்தேனே, அத எங்கய்யா எழுதுவ?"