சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாத இடம்

என் அண்ணி பதினேழு வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் காதில் விழுவது அவர் குரல்தான். எந்த டாக்டர் அறையில் இருக்கிறார், யார் ஆபரேஷனில் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். அங்கே எல்லாருக்கும் அவர் போர்டம்மா. "ஒரு நிமிஷம் இருங்க, இணைக்கிறேன்" என்று அவர் சொன்னால், அழுதுகொண்டே பேசுகிறவர்கள்கூட அந்த ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்களாம்.

அப்புறம் மெஷின் வந்தது. டாக்டர் வேண்டுமானால் ஒன்றை அழுத்து, மருந்து வேண்டுமானால் இரண்டை அழுத்து என்று அதுவே சொல்லிவிடும். அண்ணிக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் நாலு பேர். அண்ணன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான். அண்ணியின் மகள் பள்ளிக்கூடக் கடைசி வருஷம். நான் கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள், முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். அண்ணி எட்டு மாதம் வீட்டில் இருந்தார். ஒரே பாத்திரத்தை இரண்டு தரம் தேய்ப்பார். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "நாற்பத்திரண்டு வயசா?" என்று ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம். அலுவலக நிர்வாகப் பணி. ஆஸ்பத்திரி அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. வயது தடையில்லை. அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அண்ணி எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினார்.

எழுதிப் போட்ட நாலாம் நாள் ஒரு பெண் போன் செய்தாள். "உங்க விண்ணப்பத்தை டைரக்டரே பாத்துட்டார் மேடம். மொத்தம் ஆறு பேரைத்தான் கூப்பிடுறோம். புதன்கிழமை ஒரிஜினல் சர்டிபிகேட்டோட வாங்க."

அங்கே போய்ப் பார்த்தால் அறுபது பேர். ஆறுக்குப் பக்கத்தில் ஒரு சைபரை வைக்க மறந்துவிட்டாள் போல.

அது ஒரு நாற்காலி மேஜைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. நீளமான ஹால், ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வாசல் ஒன்றே ஒன்று. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அடுத்த மேஜையில் ஓர் அம்மாள் சர்டிபிகேட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தார். "சரிபாத்துட்டு ரெண்டு வாரத்துல தந்துடுவோம்." அண்ணி ஒரு கணம் தயங்கினாராம். பின்னாலிருந்து வரிசை நெருக்கியது. பள்ளிச் சான்றிதழ், டெலிபோன் பயிற்சிச் சான்றிதழ், ஆஸ்பத்திரி கொடுத்த அனுபவக் கடிதம், மூன்றையும் கொடுத்துவிட்டார்.

கதவைச் சாத்தினார்கள். கோட்டு போட்ட டைரக்டர் வந்தார், முப்பது வயசு இருந்தால் அதிகம். "உங்களுக்காக நீங்களே என்னைக்காவது கைதட்டியிருக்கீங்களா?" என்றார். அறுபது பேரும் தங்களுக்காகத் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள். பாட்டுப் போட்டார்கள். திரையில் வீடு காட்டினார்கள், கார் காட்டினார்கள், கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் குடும்பத்தைக் காட்டினார்கள். இரண்டு மணி நேரம் போயிற்று. என்ன வேலை என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

நடுவரிசையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். "சார், சம்பளம் எவ்வளவு?"

டைரக்டர் பாட்டை நிறுத்தச் சொன்னார். "எல்லாரும் இவரைப் பாருங்க. இவருக்கு மாசச் சம்பளம் வேணுமாம். சாகுற வரைக்கும் இவர் கேக்கப்போறது இந்த ஒரு கேள்வியைத்தான். ஐயா, உங்களுக்கு இந்த இடம் சரிப்படாது. கதவு அங்க இருக்கு."

ஹால் முழுக்கச் சிரித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். "நானும் சிரிச்சேன்" என்று அண்ணி பின்னாளில் என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் சம்பளத்தைப் பற்றி யார் கேட்பார்கள்?

பிறகு ஒவ்வொருவராகத் தனியறைக்குக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம். அண்ணியிடம், "ஜெயிக்கணும்னு வெறி இருக்கா?" என்று கேட்டாராம் டைரக்டர். இருக்கிறது என்றிருக்கிறார். கையைக் குலுக்கி, "நீங்க செலக்டட்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒரே சந்தோஷம். அண்ணன் போனிலேயே சத்தமாகச் சிரித்தார், புதுக் கைப்பை வாங்கிக்கொள்ளச் சொன்னார். மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான்தான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்:

"அண்ணி, வேலை கிடைச்சிடுச்சுன்னு சொன்னாங்க, சரி. என்ன வேலைன்னு சொன்னாங்களா?"

"ஆபீஸ் வேலைதான். போகப் போகச் சொல்லுவாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாளே சொல்லிவிட்டார்கள். ஒரு வேனில் பன்னிரண்டு பேரை ஏற்றி, ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய குடியிருப்புகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். கையில் தலையணை அளவுக்கு ஒரு மெத்தைத் துண்டு. காந்த மெத்தை. இதில் படுத்தால் முதுகுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாம் பறந்துவிடும் என்று வீடு வீடாகச் சொல்லி விற்க வேண்டும். விற்றால் கமிஷன், விற்காவிட்டால் ஒன்றுமில்லை. பதினேழு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு, காந்தத்தால் மூட்டுவலி போகுமா போகாதா என்று தெரியாதா? ஆனால் அங்கிருந்து பஸ் கிடையாது. வேன் ஆறு மணிக்குத்தான் திரும்பி வரும். கூட வந்த டீம் லீடர் பெண்ணிடம், "பாத்ரூம் போகணும்மா, எங்க போறது?" என்று கேட்டதற்கு, "கதவைத் திறக்கிற வீட்ல கேட்டுப் பாருங்கக்கா, அப்படியே பேச்சுக் குடுத்து மெத்தையையும் காட்டிடலாம்" என்றாளாம்.

மூன்று வாரம் அலைந்தார். சொந்தக்காரர்கள் ஐம்பது பேரின் பட்டியல் எழுதித் தரச் சொன்னார்கள், அதை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு மெத்தைகூட விற்கவில்லை. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

என்னிடம் எதையும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "ஆபீஸ்ல இன்னைக்கு நிறைய வேலை" என்பார். வேலையை விட்டு நின்றுவிடலாம் என்று பார்த்தால் சர்டிபிகேட் அவர்கள் கையில். கேட்டால், "ஹெட் ஆபீஸ்ல இருக்கு மேடம், அடுத்த வாரம் வந்துடும்." வீட்டில் சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நாலாவது வாரம் டைரக்டர் அவரைக் கூப்பிட்டார். யாரோ ஒருவரிடம் அண்ணி போனில் பேசியதைக் கேட்டிருக்கிறார். "உங்களை வெயில்ல அனுப்பினது எங்க தப்பு மேடம். இந்தக் குரலை வச்சுக்கிட்டு மெத்தை தூக்கலாமா?" ஹாலை ஒட்டிப் பலகையால் தடுத்த ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு போன். வேலைக்கு எழுதிப் போட்டவர்களின் எண்கள் தாள் தாளாக. ஒரு நாளைக்கு எண்பது பேரைக் கூப்பிட வேண்டும். வருகிற ஆளுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடுவார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டதாம், சந்தோஷத்தில்.

என்ன பேச வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். மெத்தை என்று சொல்லக் கூடாது. விற்பனை என்று சொல்லக் கூடாது. கமிஷன் என்ற வார்த்தையே வரக் கூடாது. "ஆறு பேரைத்தான் கூப்பிடுறோம்." இதைச் சொல்வதுதான் இப்போது அண்ணியின் வேலை. அவர் வந்த பிறகு ஹாலில் நாற்காலி பற்றவில்லை, கூடுதலாக இருபது வாங்கிப் போட்டார்கள்.

முதல் புதன்கிழமை பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கைதட்டல், பாட்டு, எல்லாம் அதேதான். "சார், சம்பளம் எவ்வளவு?" அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரிப்புச் சத்தம் அடங்கியதும் அறைக் கதவைத் திறந்துகொண்டு கட்டம் போட்ட சட்டைக்காரர் உள்ளே வந்தார். நிதானமாக உட்கார்ந்து டீ குடித்தார்.

"நீங்க..." என்றார் அண்ணி.

"ஆமாம்மா. வாரா வாரம் நான்தான் வெளியே போறேன். முன்ன நாடகத்துல நடிச்சேன், அதுக்கு இது தேவலாம். எனக்குச் சம்பளம் உண்டு." கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னாராம்.

இரண்டரை மாதம் அண்ணி அந்த அறையில் இருந்தார். ஒரு நாள் தாளில் இருந்த எண்ணைக் கூப்பிட்டு, எழுதியிருந்ததைச் சொல்லி முடித்ததும், மறுமுனையில் ஒருவர் சிரித்தார். "போர்டம்மா தானே?"

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். எல்லாருக்கும் எக்ஸ்ரே அண்ணன். அவரையும் அனுப்பிவிட்டார்கள் என்று அண்ணிக்கு அப்போதுதான் தெரிந்தது. டைரக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அண்ணி "ஆமாண்ணே" என்று மட்டும் சொன்னார்.

"நீ இருக்கிற இடம்னா நல்ல இடமாத்தான் இருக்கும். புதன்கிழமை வந்துடுறேன்."

இடையில் இருந்த மூன்று நாளும் அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. புதன்கிழமை காலையில் வாசலருகே நின்றார். எக்ஸ்ரே அண்ணன் சலவை மடிப்புக் கலையாத சட்டையில், பையை மார்போடு அணைத்தபடி படியேறி வந்தார். அண்ணி அவரை ஓரமாக இழுத்தார்.

"அண்ணே, சர்டிபிகேட்டைக் குடுக்காதீங்க. இது மெத்தை விக்கிற வேலை. சம்பளம் கிடையாது."

அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அப்ப நீ ஏன் இங்க இருக்க?"

அண்ணி தன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எக்ஸ்ரே அண்ணன் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். இருக்கிற வேலையைப் பங்கு போட மனசில்லாமல் விரட்டுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ.

பலகைக்கு இந்தப் பக்கம் அண்ணி உட்கார்ந்திருந்தார். போனைத் தொடவில்லை. அந்தக் கேள்வி வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பு அடங்குமுன் எக்ஸ்ரே அண்ணனின் குரல்.

"அந்தத் தம்பி கேட்டதுல என்ன தப்பு? எனக்கும் தெரியணும். உங்க ஆபீஸ்ல இருக்கிற அம்மாவே சம்பளம் கிடையாதுன்னு சொன்னாங்க. உண்மையா, பொய்யா?"

டைரக்டர் தடுமாறவில்லை. "தப்பாப் புரிஞ்சிருப்பீங்க. அவங்க எங்க குடும்பத்துல ஒருத்தர். அவங்களே வந்து சொல்லட்டும்."

அண்ணியை வந்து கூட்டிப்போனார்கள். மேடையில் விளக்கு கண்ணில் அடித்தது. டைரக்டர் மைக்கைக் கையில் கொடுத்து, காதருகே மெல்ல, "உங்க சர்டிபிகேட் நாளைக்கு வந்துடும் மேடம்" என்றார். எதிரே எண்பது முகம். எல்லாரையும் கூப்பிட்டவர் அவர்தான், ஒருத்தர் முகமும் அவருக்குத் தெரியாது.

"சம்பளம் கிடையாது" என்றார் அண்ணி. "காந்த மெத்தையை வீடு வீடாப் போய் விக்கணும். அந்த மெத்தையால எந்த வலியும் போகாது. உங்க எல்லாருக்கும் போன் பண்ணது நான்தான். ஆறு பேருன்னு சொன்னது பொய். சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிட்டுப் போங்க."

மைக்கை நிறுத்தினார்கள், பாட்டை உரக்க வைத்தார்கள். ஆனால் முப்பது பேர் போல எழுந்துவிட்டார்கள். மேஜை அம்மாளிடம் சத்தம் போட்டுக் காகிதங்களை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். மீதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். அதுதான் அண்ணிக்கு இன்றுவரை புரியாதது. கேட்டும் உட்கார்ந்திருந்தார்களே.

படியில் எக்ஸ்ரே அண்ணன் திரும்பி, "இதை நீ போன்லயே சொல்லியிருக்கலாம்மா" என்றார். அவர் கோபம் தணிய ஒரு வருஷம் ஆயிற்று.

அன்று மத்தியானமே அண்ணி என் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு மறுநாள் நானும் கூடப் போனேன். சர்டிபிகேட் ஹெட் ஆபீஸில் என்றார்கள். ஹெட் ஆபீஸ் எங்கே என்றேன். அதைச் சொல்ல மாட்டார்களாம். போலீஸில் எழுதிக் கொடுத்தோம், ரசீது கிடைத்தது. நாலு மாதம் கழித்துப் போனபோது மூன்றாவது மாடி காலி. கறுப்புக் காகிதத்தை மட்டும் கிழிக்காமல் விட்டிருந்தார்கள்.

நகல் வாங்க விண்ணப்பம் வாங்கினோம். சான்றிதழ் தொலைந்ததா, எரிந்ததா, நனைந்து கெட்டதா என்று மூன்று கட்டம் இருந்தது. "வாங்கி வச்சுக்கிட்டுத் தரலைன்னு எதுல எழுதுறது?" என்று ஜன்னலில் இருந்த குமாஸ்தாவிடம் கேட்டேன். "தொலைஞ்சதுல எழுதும்மா, அதுதான் சீக்கிரம் வரும்" என்றார். சீக்கிரம் என்பது ஒன்பது மாதம்.

இப்போது அண்ணி ஒரு கால்நடை மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கிறார். மாதச் சம்பளம். கொஞ்சம்தான், ஆனால் எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார். வெளியிடங்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டார், கடைகளில் நான்தான் பேசுவேன். போன மாதம் மருந்துக்கடை வரிசையில் எதையோ கேட்க வாய் திறந்ததும், முன்னால் நின்ற பெண் வெடுக்கென்று திரும்பினாள்.

"நீங்க போன்ல பேசினவங்கதானே? ஆறு பேருன்னு..."

நான் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "ஆமாம்மா, நான்தான்" என்றார்.

அந்தப் பெண் கத்தவில்லை. அங்கே ஏழு வாரம் இருந்ததையும், மெத்தையைத் தன் அக்காள் தலையில் கட்டியதையும், அக்காள் வீட்டோடு பேச்சு நின்றுபோனதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். எங்கள் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போய் மருந்து வாங்கினார்கள். அண்ணி நகரவே இல்லை, கேட்டுக்கொண்டே நின்றார். சொல்லி முடித்ததும் அந்தப் பெண் தன் மருந்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.